கைகோத்துக் குதித்தவர்கள்

பழைய இங்கிலாந்துக்காரப் பிஷப் ஒருவரின் வாழ்க்கைக்கும், கீரமங்கலத்தில் என் அண்ணன் வைத்திருந்த தென்னந்தோப்புக்கும் என்ன சம்பந்தம்? ஒரு மண்ணும் கிடையாது. நான் திருச்சியில் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்துகிறவள். கீரனூரிலிருந்து தினமும் பஸ். திங்கட்கிழமை அந்தப் பிஷப்பைப் பற்றி வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனபோதும் மண்டைக்குள் அவர்தான் இருந்தார்.

தோப்பைப் புயல் சாய்த்துவிட்டது. மறுபடி வைத்த கன்றுகள் போர்வெல் வற்றியதில் காய்ந்தன. அதற்கப்புறம் அண்ணியும் போய்ச் சேர்ந்தாள். அண்ணன் பேச்சையே விட்டிருந்தான். அவன் வாயைக் கிளறத்தான் கதையை ஆரம்பித்தேன்.

"ராஜா தொரத்திவிட்ட பிஷப்புண்ணே. கடலோரமா வேற நாட்டுக்குப் போறாரு. அங்க மூணு வருசமா மழையில்ல, பஞ்சம். ஜனங்க கூட்டமாப் பாறை உச்சிக்குப் போயி, கையக் கோத்துக்கிட்டுக் குதிச்சிருக்காய்ங்க. இவரு ஞானஸ்நானம் குடுத்த அன்னைக்கே மழை கொட்டுச்சாம். கடல்ல வலை போடவும் இவருதான் சொல்லிக் குடுத்தாராம். மீமிசல் மீன்காரவுககிட்டப் போயிச் சொன்னா சிரிப்பாய்ங்க!"

அண்ணன் சிரிக்கவில்லை.

"ஏத்தா, கைய எதுக்குக் கோத்துக்கிட்டாய்ங்க?"

"பயமா இருந்திருக்கும்ணே."

"ஆமா. சின்னப் புள்ளைகளும் இருந்திருக்குமுல்ல. அப்பன் கையப் புடிச்சுக்கிட்டா புள்ளைக்குப் பயம் தெரியாது."

அவன் மகள் வாசலில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பு. அவன் கண் அவளை விட்டு நகரவே இல்லை.

"அடப்பாவி!" என்று கத்தினேன். அண்ணனை அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. "அவள என்ன செய்யலாம்னு இருக்க? வாயத் தொறந்து சொல்லு!"

சொன்னான். மனதில் வைத்திருந்ததையெல்லாம், அடுத்தவன் கதை மாதிரி நிதானமாகச் சொன்னான். நான்தான் கதறினேன்.

வீட்டைப் பூட்டி, இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மறுநாள் பிஷப்புக்கு லீவு. ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அன்றிலிருந்து இருவரும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறான், அவளுக்குத் தலைகூடச் சீவிவிடுகிறான்.

காலையில் ஸ்கூல் வேனுக்கு ரோட்டைத் தாண்ட வேண்டும். அவள் அப்பனைப் பார்த்துக் கையை நீட்டுவாள். அவன் தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வான்.

"நீ புடிச்சுக்கத்தா," என்பான் என்னிடம்.