மூக்கடைத்த ஜெபம்

என் மாமனாருக்குத் தொழில் சாக்கடை அடைப்பு எடுப்பது. நீளக் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு விடிவதற்குள் கிளம்பிவிடுவாராம். குழாய்க்குள் கையை விடுமுன் ஒரு ஜெபம், விட்டபடியே ஒரு ஜெபம். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாலும் நகக்கண்ணில் வாடை போகாது. அந்தக் கையால் மகன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இரவு ஜெபம். அந்த உழைப்பில் படித்து ஆளான மகன்தான் என் வீட்டுக்காரர்.

இப்போது மாமாவுக்குக் கண் தெரியாது, எழுந்திருக்கவும் முடியாது. முதுகில் படுக்கைப்புண். மருந்து வைத்துக் கட்டுவதும் துணி மாற்றுவதும் நான். பொய் சொல்வானேன், எனக்கும் குமட்டும். ஆனால் அந்த நாற்றத்தைவிட என்னைக் குமட்ட வைத்தது என் வீட்டுக்காரருடைய ஜெபம்தான். வாசற்படியிலேயே நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆண்டவரே, நீர் எங்கள் நடுவிலே இருக்கிறீர்" என்று உருகுவார். நடுவில் ஆண்டவர் இருந்தாரோ என்னவோ, ஒரு முழு அறை இருந்தது.

மாமா கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"தம்பி, பக்கத்துல வந்து கையப் பிடிச்சுக்கோயேன்."

"இங்க நின்னாலும் ஆண்டவருக்குக் கேக்கும்பா."

நீட்டிய கை அப்படியே போர்வை மேல் கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சீ, இதுவும் ஒரு பிள்ளையா!

பிறகு மாமா ஜெபிப்பார். "ஆண்டவரே, என் பிள்ளைக்குச் சளி விடவே மாட்டேங்குது. மூக்கடைச்சுத்தான் பேசுறான். அவனைக் குணமாக்கும்." தினமும் இதே. பாவம், மனுஷர் நம்பிக்கொண்டிருக்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

போன வாரம் புண் மோசமாகிவிட்டது. டாக்டர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அன்றைக்கும் இவர் வாசற்படியில்தான். அன்றைக்கும் மாமா சளிக்காக ஜெபித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. போய்க் கைக்குட்டையைப் பிடுங்கிவிட்டேன்.

"போங்க உள்ள. உங்க சளி சரியாயிடுச்சு."

இவர் முகம் சுண்டிப்போனது. உள்ளே போய், கட்டில் ஓரம் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்தார். "ஆண்டவரே..." என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், ஓங்கரித்துவிட்டார்.

மாமா கையை விடவில்லை.

"வாயால மூச்சு விடுடா," என்றார் மெல்ல. "சாக்கடையில நான் அப்படித்தான் ஜெபம் பண்ணுவேன்."