அத்தை கடைச் சாவிப் பலகை

உலகத்து வங்கிப் பெட்டகங்களை எல்லாம் ஒன்றாகக் கட்டி வைத்தாலும் கடை அத்தையின் கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் பலகைக்கு ஈடாகாது. மன்னர்கள் தங்கள் கஜானாவை அவளிடம் ஒப்படைக்காததற்கு ஒரே காரணம், அவள் பிறப்பதற்குள் அவர்கள் செத்துப்போனதுதான்.

பலகை நிறைய ஆணிகள். ஆணிக்கு ஒரு வீட்டுச் சாவி. தெருவுக்கு யார் குடிவந்தாலும் மாற்றுச் சாவியை அத்தை கடையில் மாட்டுவார்கள். வீட்டைக் காலி செய்யும்போது அவர்களே கழற்றிக்கொள்வார்கள். சோப்பும் ரொட்டியும் விற்பது அவள் பிழைப்பு. சாவி காப்பது அவள் கெத்து.

அப்புறம் தெருவுக்குப் பவிசு வந்தது. செருப்புத் தைப்பவர் இருந்த இடத்தில் நாய்களுக்கு முடிவெட்டும் கடை. அங்கிருந்து வெளியே வரும் நாய்கள் அத்தையைவிட ஒழுங்காகத் தலை சீவியிருந்தன. வாடகை ஏற ஏற, பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சாவியைக் கழற்றினார்கள். புதிதாக வந்தவர்களின் கதவுகளில் எண்ணை அழுத்தித் திறக்கும் பூட்டு.

கடைசிச் சாவி தையற்காரருடையது. அவரும் எடுத்துக்கொண்டு போனபின் அத்தை அந்த ஆணியைத் துணியால் துடைத்தாள். அதில் தூசியே இல்லை.

"மாசக் கடைசியோட கடையக் கட்டிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். இனி இங்க எனக்கென்ன வேலை?" என்றாள், கடையில் நின்றவர்களிடம்.

மறுநாள் ரொட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினால், நடு ஆணியில் ஒரு குட்டிச் சாவி! அத்தைக்கு வாயெல்லாம் பல். எதிர் மாடிக்குப் புதிதாக வந்த தாடிக்காரருடையதாகத்தான் இருக்கும் என்று அவளே முடிவு கட்டி, மாலையில் அவரை மறித்தாள்.

"தம்பி, உங்க சாவி பத்திரமா இருக்கு."

"எந்தச் சாவிங்க? என் கதவுக்கு நம்பர்தானே?"

அத்தையின் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் விடவில்லை, பலகையின் கதையை முழுக்கச் சொன்னாள். தாடிக்காரர் வெற்று ஆணிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன வாரம் பேட்டரி தீந்து, பூட்டு திறக்கல. மழையில வெளிய நின்னேங்க. அவசரத்துக்குன்னு ஒரு சாவி குடுத்திருக்காங்கதான்... அது வீட்டுக்குள்ள இருந்துச்சு."

"ரொம்பப் பத்திரமான இடம்தான்!" என்றாள் அத்தை.

அவர் சிரித்துக்கொண்டே மேலே போய், அந்தச் சாவியைக் கொண்டுவந்து மாட்டினார். அத்தை அதை நேராக்கினாள். தங்கச்சிக்குப் போன் போட்டு, "இப்போதைக்கு வரலடி, ஆளுங்க என்னை நம்பிச் சாவி குடுத்திருக்காங்க" என்றாள்.

பிறகு குட்டிச் சாவியைக் கழற்றி, இதை எழுதுகிறவனின் சட்டைப் பையில் போட்டாள்.

"இது யாரோடதோ! என்கிட்ட எதுக்கு அத்தை?"

"நடிக்காதடா. சைக்கிளைப் பூட்டி வாசல்ல நிறுத்திட்டு, பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போற கிறுக்கன் இந்தத் தெருவுல வேற யாரு?"