வாயிச்சதா, படிச்சதா?

புள்ளியியல் தாளில் நான் இரண்டாம் முறையும் கோட்டை விட்டது தெரிந்தபோது அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. செல்போனில் முடிவைப் பார்த்தேன், போனைக் கவிழ்த்து வைத்தேன், கரண்டியை எடுத்துக் கிளறினேன். கிளறிக்கொண்டே நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. அடிப்பிடித்த வாசம் வந்து, என் கணவர்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

"போச்சா?" என்றார்.

"போச்சு."

"சாம்பாரும் போச்சு. சரி வா, வெளிய போய் பொரோட்டா சாப்பிடுவோம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அன்றைக்கு வரவில்லை. அதைப் பார்த்துத்தான் அந்த மனிதர் பயந்துபோனார்.

வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். மற்ற தாள்களெல்லாம் எப்படியோ தேறிவிட்டன. இந்த ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. பாடத்திட்டம் மாறப் போகிறது, பழைய பாடத்தில் எழுத இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத்தான் என்று அறிவிப்பும் வந்திருந்தது. அதையும் விட்டால் டிகிரி கிடையாது. வேண்டுமென்றால் முதலாம் ஆண்டிலிருந்து மறுபடி தொடங்கலாம். அதற்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்லை.

சங்கரன்கோவில் பக்கம் என் ஊர். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது கொச்சியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கும் தமிழ்க் குடும்பம், மாப்பிள்ளைக்கு மாநகராட்சியில் வேலை. "படிச்ச வரைக்கும் போதும்மா" என்றார் அப்பா. கல்யாணம் ஆகி வந்தேன், மகள் பிறந்தாள், கொச்சங்காடியில் சுக்கும் மிளகும் மூட்டை கட்டுகிற கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். டிகிரி இருந்தால் ஆபீஸ் அறைக்குள் உட்காரலாம் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அதற்காகத்தான் படித்தேன் என்று சொன்னால் பொய். பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இலையை எடுத்தால் எப்படி இருக்கும்? அத்தனை வருடமும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

தோற்ற வாரம் ஞாயிற்றுக்கிழமை அப்பா பேசினார்.

"போதும்மா. எழுதிப் பாத்தாச்சு, வரல. வேலைக்கும் போற, பிள்ளையையும் பாக்க. யாருக்காக இந்தப் பாடு?"

"எனக்காகத்தான்!" என்று கத்திவிட்டுப் போனைக் கட்டிலில் எறிந்தேன். அவர் பிரியமாகத்தான் சொன்னார். கல்யாணத்துக்காகப் படிப்பை நிறுத்தியபோதும் பிரியமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் உழைக்கவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. புத்தகத்தை எத்தனை தடவை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் பேனாவால் கோடு போட்டேன்; கடைசியில் கோடு போடாத வரியைத்தான் தேட வேண்டியிருந்தது. பதிவு செய்த வகுப்புகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மத்தி கழுவினேன், துணி துவைத்தேன், பாத்திரம் தேய்த்தேன். ஒரே நேரத்தில் இரண்டு வேலை முடிகிறதே என்று பெருமை வேறு. வகுப்பு வாட்ஸாப் குழுவில் வந்து விழுகிற பிடிஎஃப்களை எல்லாம் இறக்கி வைத்தேன். அவை சேரச் சேர படிப்பும் சேருகிறது என்று ஒரு நம்பிக்கை. யூடியூபில் ஒரு பையன் சொன்னான் என்று கலர் கலராகக் கால அட்டவணை போட்டு குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். அதில் படிப்பு என்று நான் நீலம் அடித்த நேரத்தில்தான் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரும். குடத்தை விட்டுவிட்டுப் புத்தகத்தை எடுக்க நான் என்ன மகாராணியா?

கடைசி வாய்ப்புக்கு மறுபடி முதலிலிருந்து அதையே தொடங்கினேன். வேறென்ன தெரியும் எனக்கு? சனிக்கிழமை மதியம் சந்தேகம் கேட்கும் வகுப்பு நேரலையில் நடக்கும். சொல்லித்தருபவர் ஒரு மலையாளி அம்மா. திரையில் என் பெயரைக் கூப்பிட்டு, "முதல் பாடம் படிச்சோ?" என்று கேட்டார்.

"படிச்சு மேடம்" என்றேன் தைரியமாக.

"எங்கில் பறயூ. மீனும் மீடியனும் தம்மில் எந்தா வித்யாசம்?"

இரண்டுக்கும் என்ன வித்தியாசம், சொல்லு என்கிறார்; சராசரிக்கு அந்தப் பாடத்தில் மீன் என்றுதான் பெயர். அந்தப் பக்கம் முழுக்க மஞ்சளாக என் கண்ணுக்குள் தெரிந்தது. அதில் ஓர் எழுத்துகூட வாயில் வரவில்லை. அத்தனை பேரும் தங்கள் தங்கள் கட்டங்களிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாயிச்சால் போரா, கேட்டோ. படிக்கணம்" என்றார் அந்த அம்மா. போதாதாம். திட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். நான் கேமராவை அணைத்துவிட்டேன்.

என் நாத்தனார் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். கணவரின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள், கலூரில் ஒரு துணிக்கடையில் வேலை. இங்கேயே பிறந்தவள். தமிழ் எழுத்து என்றால் கூட்டிக் கூட்டித் திணறுவாள். மலையாளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மலையாள இலக்கியத்தில் பட்டம் வாங்கியவள். கோபத்தை யாரிடமாவது இறக்க வேண்டுமே, அவளிடம் இறக்கினேன்.

"இந்தம்மா என்னத்தச் சொல்லுது? படிச்சேன்னு சொல்லுதேன், படிக்கணும்னு சொல்லுது! எத்தனை மட்டம்தான் படிக்க?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சாயம் பாவாடையில் கொட்டிவிட்டது.

"அண்ணி, டீச்சர் சொன்னது சரியாக்கும். நீங்க வாயிச்சதுதான். படிச்சில்ல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அய்யோ! எங்கனெ ஒண்ணாகும்? கண்ணால பாத்துப் போறது வாயிக்கறது. உள்ள கேறி இருந்தா அதுதான் படிச்சது. பேப்பர் வாயிக்கும். யாராவது பேப்பர் படிக்குமா?"

"எங்க ஊர்ல பேப்பர் படிக்கத்தான் செய்வாக" என்றேன் விட்டுக்கொடுக்காமல்.

விட்டுக்கொடுக்கவில்லையே தவிர, அந்தப் பேச்சு என்னைக் குடையத் தொடங்கிவிட்டது. இத்தனை வருடம் மலையாளத்தோடு புழங்குகிறேன், காய்கறிக்காரச் சேட்டனோடு சண்டையே போடுவேன். இந்த இரண்டு சொல்லும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் என் மண்டைக்குள் இரண்டுக்கும் ஒரே பாய்தான் விரித்திருந்தேன். எங்கள் வீட்டில் பஸ் பலகையையும் படிப்போம், பரீட்சைக்கும் படிப்போம். வாசிப்பு என்று ஒரு சொல் நம்மிடமும் உண்டுதான். எங்கள் ஊரில் யார் வாசித்தார்கள்? நாதஸ்வரக்காரர்தான் வாசித்தார். புத்தகத்தில் கண் ஓடிவிட்டால் "படிச்சாச்சு" என்று மூடிவைத்துவிட்டு எழுந்துபோவேன், மனசாட்சியும் நிம்மதியாகத் தூங்கிவிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பிறருக்குச் சொல்லத் தெரிந்தது, நான் ஏட்டையே கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது தெரியவில்லை.

மறுநாள் காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் என் புத்தகத்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"மீடியன்னா எந்தா அண்ணி?"

கை தானாகப் புத்தகத்துக்குப் போயிற்று. பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"நோக்கண்டா. சொல்லுங்க. எனக்குப் புள்ளியியல் ஒண்ணும் தெரியாது. எனக்கு மனசிலாகற மாதிரி சொல்லுங்க."

அதுதான் கஷ்டம். தெரிந்தவர்களிடம் பாதி சொன்னால் போதும், மீதியை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். இவளிடம் அது நடக்காது. திக்கினேன், மழுப்பினேன், ஆங்கிலத்தில் இரண்டு வரி அடித்துவிட்டேன். "மனசிலாயில்ல" என்றாள். கடைசியில் சட்டியில் கிடந்த மத்தியை எடுத்துச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாகப் பலகையில் அடுக்கினேன்.

"இந்தா, நடுவுல கிடக்குல்லா, அதான் மீடியன். கடைசி மீனை எடுத்துட்டு அங்க ஒரு திமிங்கிலத்தப் போட்டாலும் நடு மீன் நடு மீன்தான். ஆனா சராசரி இருக்கே, அது திமிங்கிலத்தப் பாத்ததும் ஏறிரும்."

"அது சரி!" என்றாள் கண்ணை விரித்து. "இப்ப மனசிலாச்சு."

தோசை கருகியிருந்தது. எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது. அவளுக்குப் புரிந்த அந்த நிமிஷத்தில்தான் எனக்கும் முதன்முதலாகப் புரிந்தது.

அன்றிலிருந்து காலை தோசைக்கல்லடியில் அது வழக்கமாயிற்று. கால அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். இத்தனை மணிக்கு என்று வைத்தால் குழாய்த் தண்ணீர் குறுக்கே வரும். நாளைக் காலையில் இந்த ஒன்றை இவளுக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்தால், கிடைக்கிற இண்டு இடுக்கில் எல்லாம் மனம் அதையே உருட்டும். இயர்போனையும் சமையலறையிலிருந்து வெளியேற்றினேன். வகுப்பைக் கொஞ்சம் பார்ப்பது, நிறுத்துவது, கேட்டதை என் வாயால் சொல்லிப் பார்ப்பது. அரை மணி நேர வகுப்பு அப்படியே இழுக்கும். இழுக்கட்டும் என்று விட்டேன். கணக்குகளைக் கிடங்கில் சாப்பாட்டு இடைவேளையில் வெறும் தாளில் போடுவேன், விடையை மூடிவைத்துக்கொண்டு. மகளைப் பள்ளிக்கூடத்தில் விடும் வேலையைக் கேட்காமலேயே கணவர் எடுத்துக்கொண்டார். "மோளை நான் கொண்டு விட்டுக்கறேன். நீ திமிங்கிலத்தப் பாரு" என்றார்.

எல்லா நாளும் இனிக்கவில்லை. பரீட்சை நெருங்கும்போது ஒருநாள், நன்றாகச் சொன்ன ஒரு பாடம் மொத்தமாக மறந்துபோயிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. தோசைத் திருப்பியைத் தரையில் வீசிவிட்டு, "என் மண்டையில களிமண்ணு. நான் எழுதப் போகல" என்று உட்கார்ந்து அழுதுவிட்டேன். நாத்தனார் சாயா போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க மறந்தது நல்லதாக்கும் அண்ணி. ஹாலுக்குள்ள மறந்தா ஆரு சாயா தரும்?"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து சாயா மூக்கில் ஏறிற்று. மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்தப் பாடத்தை மறுபடி தொடங்கினேன்.

தேர்வு மையம் கலூர்ப் பக்கம்தான். அவள் வேலைக்குப் போகிற பஸ்ஸிலேயே என்னையும் கூட்டிப்போய் வாசலில் விட்டாள். கேள்வித்தாளில், இரண்டு இயந்திரங்களின் சராசரி உற்பத்தி ஒன்றே, எதை நம்பலாம் என்று கண்டுபிடித்துக் காரணம் எழுதச் சொல்லியிருந்தார்கள். முன்பு என்றால் சூத்திரம் எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருந்தது என்று யோசித்து வியர்த்திருப்பேன். இதை நான் அவளுக்கு பஸ்ஸை வைத்துச் சொல்லியிருந்தேன். ஒரு பஸ் தினமும் கொஞ்சம் தாமதம். இன்னொன்று ஒருநாள் சீக்கிரம், ஒருநாள் ரொம்பத் தாமதம். சராசரி ஒன்றுதான், எதை நம்பி நீ வீட்டைவிட்டுக் கிளம்புவாய்? பஸ்ஸை எல்லாம் இயந்திரமாக்கி, கணக்கைப் போட்டு, காரணத்தை என் சொந்த ஆங்கிலத்தில் எழுதினேன். இலக்கணம் எப்படியிருந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

முடிவு வந்த அன்று கிடங்கில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை என்று பதிவு எண்ணை நாத்தனாரிடம் கொடுத்திருந்தேன். போன் அடித்தது.

"அண்ணி, ஜயிச்சு! ஜயிச்சு அண்ணி!" என்று துணிக்கடையே கேட்க அலறினாள். கூட வேலை செய்கிற சேச்சிமார் என்ன ஏது என்று ஓடிவந்தார்கள். மிளகு நெடியில் தும்மல் வேறு. தும்முகிறேனா அழுகிறேனா என்று அவர்களுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டேன். அவரிடம் சொல்வதற்கு வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தேன். எல்லாம் கொஞ்சம் காரமானவை.

"அப்பா, பாஸாயிட்டேன். பட்டம் வாங்கப் போறேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் சட்டென்று நின்றது. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அப்பா?"

"இருக்கேம்மா" என்றார். பிறகு, தெரியாதவர் வீட்டில் தண்ணீர் கேட்கிற குரலில், "அந்தப் பட்டத்துல... என் பேரு ஏதும் வருமாம்மா? இல்ல, மாப்பிள்ள பேருதானா?" என்று கேட்டார்.

பள்ளிச் சான்றிதழில் உள்ளபடிதான் பெயர் அச்சாகும். தயாராக வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் எங்கே போயினவோ.

"உங்க இனிஷியல்தான்ப்பா" என்றேன். "மொதல்ல நீங்க, அப்புறந்தான் நான்."