கேற்றுக்கு உள்ளே

எங்கள் ஐயாவின் கணக்கில் உலகம் இரண்டே பங்கு. வாசல் கேற்றுக்கு உள்ளே வீடு, கேற்றுக்கு வெளியே றோட்டு. உள்ளே நிற்கிற பெண்பிள்ளை மானமுள்ள குடும்பத்துப் பிள்ளை. அதே பிள்ளை இரண்டடி தள்ளி வெளியே நின்றால் குடும்ப மானம் கப்பலேறிவிடும். ஐயா, அதாவது என் தகப்பனார், கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கர். வெள்ளைக்காரத் துரைமாருக்கே இங்கிலீசில் கடிதம் எழுதிக் கொடுத்தவர். கேற் விஷயத்தில் மட்டும் எந்தத் துரையாலும் அவரை அசைத்திருக்க முடியாது.

நான் படித்தது கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில். முன்பு அந்தப் பக்கம் வாடகைக்கு இருந்தோம். வெள்ளவத்தைக்கு வந்த பிறகும் பள்ளிக்கூடத்தை மாற்றாததற்குக் காரணம் ஒரு பஸ். சிங்கள முதலாளி ஒருவருடைய பழைய பஸ் அது. எங்கள் ஒழுங்கைக்குள், அந்த ஒடுக்கமான தெருவுக்குள் வந்து, வாசலில் நின்று ஹோர்ன் அடித்து ஏற்றிக்கொண்டு போகும். பக்கங்களில் கன்வஸ் திரை இருந்தது. அதை இழுத்துவிட்டால் காலிமுகத்திடல் காற்றுக்குக்கூட எங்கள் முகம் தெரியாது. ஐயாவுக்கு பஸ்ஸைவிட அந்தத் திரையைத்தான் பிடித்திருந்தது.

யுத்தம் வந்து பெற்றோலுக்குக் கூப்பன் போட்டார்கள். இனி ஒழுங்கைகளுக்குள் வரமுடியாது, பிள்ளைகள் காலி வீதி என்கிற பெரிய றோட்டுக்கு வந்து நிற்கட்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பினார். மற்றத் தகப்பன்மார் நாலு நாள் முணுமுணுத்துவிட்டு அனுப்பினார்கள். ஐயா முணுமுணுக்கவில்லை. பட்டாளத்து லொறிகள் போகிற றோட்டில் பெண்பிள்ளை நின்றுதான் படிக்க வேண்டுமென்றால் அந்தப் படிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கணக்கில் வகுப்பில் முதல் ஆள். படித்து ரீச்சராக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

வழி கண்டுபிடித்தது அம்மா. எங்கள் ஒழுங்கை காலி வீதியில் ஏறுகிற மூலையில் ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரர் பெயர்போன பிரக்கிராசியார், கோட்டில் வழக்குப் பேசுகிறவர். அவருடைய மகளும் என் வகுப்பு, அதே பஸ். அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய், என் பிள்ளை உங்கள் கேற்றுக்கு உள்ளே நின்று பஸ் ஏறட்டும் என்று கேட்டாள். அந்த வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே சம்மதித்தார். கேற்றுக்கு உள்ளே என்றதும் ஐயாவும் தலையாட்டினார்.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது வாரம் அந்த அம்மா விறாந்தையிலிருந்து, “பிள்ளை, சும்மாதானே நிக்கிறாய், இந்தச் செடியளுக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்திவிடு” என்றார். ஊற்றினேன். பிறகு சும்மாதானே நிக்கிறாய், மகளின் சப்பாத்தைத் துடை. சும்மாதானே நிக்கிறாய், கொஞ்சம் வெள்ளன வந்து அவளுக்குத் தலை பின்னிவிடு. அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. சர்க்கரை மாதிரிப் பேச்சு. அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் இந்த வயதிலும் நான் எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன்.

பஸ்ஸில் என் மடியில் இரண்டு புத்தகப் பை இருக்கும். கன்வஸ் திரை ஓரத்து இடம் அவளுக்கு. மற்றப் பிள்ளைகள் எனக்கு ‘ஆயா’ என்று பட்டம் வைத்தார்கள். அவள் தடுக்கவில்லை, அவளும் அப்படியே கூப்பிட்டாள். வீட்டில் சொல்லி அழுதேன். அம்மா என் தலையைத் தடவி, கேற் அவர்களுடையது, பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றாள். ஐயாவிடம் சொல்லக்கூடாது, சொன்னால் ரோசம் வந்து படிப்பை நிறுத்திவிடுவார் என்றும் சொன்னாள். அதுவும் உண்மைதான்.

கடைசியில் மகளின் கணக்குக் கொப்பியும் என் கைக்கு வந்தது. சும்மாதானே நிற்கிறேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, படியில் உட்கார்ந்து அவளுடைய கணக்குகளைச் செய்து கொடுத்தேன். வீட்டுக் கணக்கில் ஒரு பிழையும் விடாத பிள்ளை சோதனையில் ஒரு கணக்கும் சரியாகச் செய்யாததைக் கண்ட கன்னியாஸ்திரி, இரண்டு கொப்பியையும் மேசையில் விரித்துப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார். உங்கள் மகளின் மூளை பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இருக்கிறது என்று மற்றத் தாய்மாரின் முன்னால் சொன்னாராம். பஸ்ஸில் அதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அடுத்த நாள் காலை கேற்றில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது.

விறாந்தையிலிருந்து அந்த அம்மா அதே சிரிப்போடு பார்த்தார். உள்ளே பூக்கன்று வைத்திருக்கிறோம், மிதிபட்டுவிடும், வெளியில் நில்லு பிள்ளை என்றார். அன்றிலிருந்து நான் றோட்டில் நின்றேன். ஐயா ஒழுங்கையின் மற்றப் பக்கத்தால் கடற்கரை ஸ்ரேசனுக்குப் போய் ரயிலேறுகிறவர். காலி வீதிப் பக்கம் வரமாட்டார். அவருக்குத் தெரியாதவரை நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மதிலோடு ஒட்டிக்கொண்டு, லொறி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு நாளையும் பயத்தோடு கழித்தேன். அம்மாவிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்த அம்மாவின் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. அந்த வீட்டுக் கார் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. என்னைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டுப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று அன்றிரவு ஐயாவும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை நான் வழக்கம்போல மதிலோரம் நின்றேன். ஐயா எதிர்ப் பக்கத்துக் கடையடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. பஸ் வந்தது. மகள் பையோடு வந்து சங்கிலியைக் கழற்றிக் கேற்றைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து ஐயா றோட்டைக் கடந்து வந்தார். அவர் கந்தோருக்குப் போடுகிற கறுப்புக் கோட்டைக் கண்டதும் நான் மதிலோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

“ஏன் வெளியிலை நிண்டனி?” என்று கேட்டார்.

“கேற் பூட்டிக் கிடந்ததையா.”

ஐயா கேற்றைப் பார்த்தார். அது அகலத் திறந்து கிடந்தது. பிறகு அந்த மகளைப் பார்த்தார். அவள் யோசிக்கவே இல்லை. “அம்மா எந்த நாளும் உள்ளுக்கு வரச் சொல்லிக் கூப்பிடுறவ மாமா. இவதான் வாறேல்லை” என்றாள். என் கை முன்பு பின்னிவிட்ட அதே மாதிரிப் பின்னல் அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஐயா என்னை அடிக்கவில்லை. பஸ் டிரைவரைப் பார்த்து, “யன்ன” என்றார். போகலாம் என்று அர்த்தம். திரையைத் தூக்கிக்கொண்டு எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். பஸ் புறப்பட்டது. ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு விறாந்தை வரைக்கும் போய், அந்த அம்மாவிடம், “கனநாளாய் உங்களுக்குக் கரைச்சல் குடுத்திட்டம், மன்னிக்க வேணும்” என்றார். அதைவிட ஐயா என்னை அடித்திருக்கலாம்.

அந்த அம்மா பதறிப்போனவர் மாதிரி நடித்தார். கரைச்சல் ஒன்றும் இல்லை, நல்ல பிள்ளை, வயது அப்படி என்றார். படிப்பை நிறுத்தினால் வீட்டில் சும்மாதானே இருப்பாள், இங்கே அனுப்புங்கள், தையல் பழக்கிவிடுகிறேன் என்றும் சொன்னார். ஐயாவின் முகம் தெளிந்தது. கேற்றுக்கு உள்ளேதானே.

நான் போகமாட்டேன் என்று சாப்பிடாமல் கிடந்தேன். அம்மா இருட்டுக் குசினியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் என்னை நம்பினாள். கேற் பூட்டித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“வாற தையிலை தங்கச்சியை அந்தப் பள்ளிக்கூடத்திலை சேர்க்கவேணும். அவளுக்கும் அந்தக் கேற்தான் வேணும், பிள்ளை. நீ போனால்தான் அவள் நிக்கலாம்” என்றாள்.

எனக்கு அம்மாவின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. அடுத்த நாள் போனேன். தையல் ஊசியை அந்த வீட்டில் நான் கண்ணாலும் காணவில்லை. தேங்காய் துருவினேன், பித்தளை துலக்கினேன், பஸ் வருகிற நேரத்தில் மகளின் பையைக் கேற் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஐயா ஊரில் யாரும் விசாரித்தால் மகள் தையல் பழகுகிறாள் என்று சொன்னார்.

தை பிறந்தது. தங்கச்சி புதுச் சப்பாத்தோடு கேற்றுக்கு உள்ளே வந்து நின்றாள். ஏழு வயது. என்னைக் கண்டதும் கை காட்டினாள். அந்த அம்மா விறாந்தையில் வந்து நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“சின்னப்பிள்ளை, சும்மாதானே நிக்கிறாய்...” என்று தொடங்கினார்.

நான் கையிலிருந்த வாளியைக் கீழே வைக்கவில்லை. “அவள் நிக்கட்டும். என்ன வேலையெண்டாலும் நான் செய்யிறன்” என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பஸ் வந்தது. மகள் ஏறினாள், பிறகு தங்கச்சி ஏறினாள். திரை விழுந்தது. நான் உள்ளே நின்று கேற்றைச் சாத்தினேன்.