எல்லாம் நல்லாயிருக்காம்

"இந்தக் கத்தரிக்காய்க்குள்ள புழு குடும்பமே நடத்துது, தம்பி" என்று ஹரிஸ் பார்க் காய்கறிக் கடை மேசையில் பையைக் கவிழ்க்கிறாள் சிவகௌரி. வெட்டியதும் வெட்டாததுமாய் எல்லாம் உருளுகின்றன. "மாத்தித் தர்றேன்க்கா, கத்தாதீங்க" என்கிறான் மதுரைக்காரப் பையன். மாற்றித் தந்தாலும் முகம் இளகாது. அடுத்த கிழமைக்கும் சேர்த்து ஓர் அர்ச்சனை வைத்துவிட்டுத்தான் படியிறங்குவாள்.

புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மெரிலேண்ட்ஸில் அவளுக்கு வாய்க்காரி என்று பெயர். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. சூப்பில் உப்புக் கூடினால் மேலாளர் என்றும் பார்க்கமாட்டாள், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே கிழித்துத் தொங்கப்போடுவாள். ரயில் பிந்தினால் ஸ்டேஷன் ஒலிபெருக்கியோடு சண்டை. ஆனால் கணவன் இந்திரகுமாரை மட்டும் நாலு பேர் முன்னால் ஒரு சொல் சொல்லமாட்டாள். "வீட்டுக்குள்ள என்னவும் கதைக்கலாம். சபையில மனுசனை விட்டுக்குடுக்கப்பிடாது" என்பாள். அந்த ஒழுங்குதான் அவள் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

போன வருடம் அவள் மூளையின் ரத்தக்குழாய் ஒன்று ஓரிடத்தில் பலூன் மாதிரி ஊதியிருந்தது. நல்லவேளை, வெடிக்குமுன் கண்டுபிடித்தார்கள். தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, ஊதிய இடத்துக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை அடைத்தார்கள். சொந்தக்காரருக்கெல்லாம் "சும்மா தலையிடி" என்று சொல்லிவைத்தவர் இந்திரகுமார். ஆஸ்பத்திரியில் அவளுக்காகப் பேசுவதும் அவர்தான். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டால், "நோ, நோ, ஐ ஆம் ஹியர்" என்பார். அவளுக்கு ஆங்கிலம் விளங்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். சபையில் தன்னை மறுத்துப் பேசமாட்டாள் என்பதும் தெரியும். டொக்டர் பெண் அவளைப் பார்த்துக் கேட்பாள், பதில் இவரிடமிருந்து வரும்.

இந்த முறை பரிசோதனைக்கு எடுத்தது வேறு விதமான ஸ்கேன் படம். வழக்கமான படத்தில் ரத்தம் ஓடுவது தெரியும். இதில் குழாயின் சுவரே தெரியும். சுருள் அடைத்த இடத்தைச் சுற்றி வெள்ளையாய் ஒரு வளையம் மினுங்கியது. டொக்டர் அதைப் பேனையால் தொட்டுக் காட்டினாள். ஊசியில் ஏற்றிய சாயத்தைச் சுவர் உறிஞ்சியிருக்கிறது. இப்படி மினுங்கினால் சுவர் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தமாகலாம், திரும்ப ஊதும் வாய்ப்பும் உண்டு. நிச்சயம் என்று சொல்லமுடியாது. ஆனாலும் இந்த மாதமே குழாய் விட்டுப் பார்ப்பது நல்லது, தேவையென்றால் மறுபடி அடைக்கலாம். எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள்.

இந்திரகுமார் மனைவி பக்கம் திரும்பினார். "எல்லாம் நல்லாயிருக்காம்."

பிறகு டொக்டரிடம் ஆங்கிலத்தில் தொடர்ந்தார். மகளுக்கு ஓகஸ்டில் கலியாணம், அது முடியட்டும், மனைவிக்கும் அதுதான் விருப்பம்.

தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்குக்கு நாள் வைத்தாயிற்று. இந்த நேரத்தில் பெண்ணின் தாய்க்குத் தலையில் வருத்தம் என்று கதை கிளம்பினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? அவருடைய பயம் அது. கெட்ட எண்ணம் இல்லையாம். எண்ணம் நல்லதாயிருந்து என்ன, மண்ணாங்கட்டி! தலை யாருடையது?

சிவகௌரி மனசுக்குள்ளேயே அவரைத் திட்டினாள். என்ர சாவை என்னட்டையே ஒளிக்கிறான், பாவி. அதுவும் என்ர விருப்பம் எண்டு சொல்லி.

"இஞ்சருங்கோ" என்றாள், குரல் உயராமல். "நல்லாயிருக்காம் எண்டு ஆர் சொன்னது?"

"பிறகு கதைப்பம். நீ சும்மா இரு."

"இவ்வளவு நாளும் சும்மா இருந்தது காணும்."

எழுந்தாள். தன் கதிரையைத் தூக்கி அவருக்கு முன்னால், அவருக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு கையை நீட்டி, டொக்டரின் திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.