ஏழாம் நம்பர் வீல்சேர்

இரவல் கொடுக்கிற வேலையில் கொடுப்பதற்கு ஒரு நிமிஷம் போதும், திரும்பி வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். ஏணியோ அண்டாவோ கொடுத்துவிட்டு அடுத்தவர் வாசலில் நின்றிருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கள்ளக்குறிச்சியில் எனக்குச் சைக்கிள் கடை. எதிரில் ஜாபர் பாயின் செருப்புக் கடை. இறந்துபோனவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் வீல்சேர், வாக்கர், தண்ணீர் மெத்தைகளைப் பாய் கேட்டு வாங்கி வருவார். நான் பழுது பார்த்து நம்பர் போடுவேன். வேண்டியவர்களுக்கு இலவசமாகக் கொடுப்போம். "காலு இருக்கறவனுக்கு நான் செருப்பு விக்கறேன். இல்லாதவனுக்கு நீ சக்கரம் மாட்டு" என்று பாய்தான் இதை ஆரம்பித்தார். பேச்சு முழுக்க அவருடையது. எனக்குப் புதியவர்களிடம் வாய் வராது. எட்டாவதோடு படிப்பு நின்றாலும் நோட்டு மட்டும் ஒழுங்காக எழுதுவேன். வீல்சேர் பதினொன்று, வாக்கர் பதினான்கு, மெத்தை மூன்று.

பாய் போய்விட்டார். அவர் வீட்டிலிருந்து திரும்பி வந்த ஏழாம் நம்பர் வீல்சேர் மூன்று மாதமாகக் கடையிலேயே நின்றது. அது ஏன் நின்றது, எப்படிப் போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் கேட்கும் கேள்வி

வீல்சேர் வாங்க வருகிறவர்கள் சக்கரத்தைப் பார்ப்பதில்லை, பிரேக்கைப் பார்ப்பதில்லை. சுற்றிச்சுற்றி வந்துவிட்டு, "இதுல யாராவது செத்தாங்களா?" என்று கேட்பார்கள். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. தலையைக் குனிந்துகொள்வேன். அதைப் பார்த்தே நாலு பேர் வாங்காமல் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

ஒருநாள் தியாகதுருகத்திலிருந்து ஒருவர் அப்பாவுக்காக வந்தார். அதே கேள்வி. பாய் எதிர்க் கடையிலிருந்து இறங்கி வந்தார். "இதுல உக்காந்தவங்க யாருமே சாவல தம்பி. செத்தவங்க எல்லாம் படுத்துக்கினுதான் செத்தாங்க" என்றார். பொய்யாக இருக்குமோ என்று பயந்தேன். வந்தவர் போவதற்குள் நோட்டைப் புரட்டினேன். வீல்சேர் எடுக்கப் போகிற வீட்டில் நாம் கேட்காமலே எல்லாம் சொல்வார்கள், அதையும் எழுதி வைத்திருந்தேன். இறந்தவர்கள் பதினாறு பேர். கட்டில், கோரைப்பாய், ஆஸ்பத்திரி. உட்கார்ந்தபடி ஒருவர்கூட இல்லை. பாய் சொன்னது நிஜம். வந்தவர் சிரித்துவிட்டார்.

"அப்போ எங்கப்பாவ படுக்கவே வுடமாட்டேன் பாய், வண்டிய குடுங்க."

சங்கராபுரத்து வற்றல்

சங்கராபுரத்தில் ஒரு வீட்டு மாமியாருக்கு மூன்றாம் நம்பர் போயிருந்தது. அந்த அம்மா இறந்து எட்டு மாதமாகியும் வண்டி திரும்பி வரவில்லை. நான் பஸ் ஏறிப் போனேன். முற்றத்தில் வீல்சேர்மேல் மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. மருமகள் வந்து, "இன்னா விஷயம்?" என்றாள். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றேன். காபி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். இப்படி ஆறு தடவை.

ஏழாவது தடவை பாயும் வந்தார். "ஏம்மா, மொளகாய்க்கு எடம் பத்துதா? இன்னும் ரெண்டு வீல்சேரு அனுப்பட்டா?" என்றார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு மிளகாயை அள்ளினாள். சக்கரத்தில் உப்புப் பூத்திருந்தது, பேரிங் இரண்டும் போயிருந்தது. நான் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பாயிடம் சொன்னாள்:

"இவரு ஆறு வாட்டி வந்தாரு, வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கல. எங்க வூட்டு காபி புடிச்சிப்போயி வராருன்னு இல்ல நெனச்சேன்!"

மலை ஏறியது

கல்வராயன் மலையில் புளி உலுக்க ஏறி விழுந்து, இடுப்பு ஒடிந்த ஒரு பெரியவருக்கு ஐந்தாம் நம்பர் கொண்டுபோனோம். ஜீப் போகிற பாதை முடிந்த பிறகு அரை மணி நேரம் ஏற்றம். பாயும் நானும் மாற்றி மாற்றித் தூக்கினோம். அறுபதைத் தாண்டிய இரண்டு பேர், ஒரு இரும்பு நாற்காலி. மேலே போய்ப் பார்த்தால் வீட்டைச் சுற்றிப் பாறை. சக்கரம் உருள ஒரு முழம் இடம் கிடையாது. எனக்கு அழுகை வந்தது. முதலிலேயே விசாரிக்காதது என் தப்பு.

அவருடைய தம்பிகள் யோசிக்கவே இல்லை. அடியில் இரண்டு மூங்கிலைக் கட்டி, அண்ணனை உட்காரவைத்துத் தோளில் தூக்கிவிட்டார்கள். முன்சக்கரம் பாறையில் இடித்து வளைந்தது. நான் பதறி ஓடினேன். மேலே உட்கார்ந்திருந்தவர் என்னை ஆறுதலாகப் பார்த்தார்.

"சக்கரம் உங்களுக்குத் தேவப்பட்டா கழட்டி எடுத்துக்கினு போங்க சாமி. இத்தினி வருசம் மூட்ட மூட்டையா நான் தூக்குனேன், இப்பத்தான் என்னத் தூக்கறானுங்க."

திரும்பும் தேதி

பாய்க்குச் சர்க்கரை ஜாஸ்தி. அடுத்தவர் காலுக்கு ஓடியதில் தன் கால் புண்ணை விட்டுவிட்டார். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆட்டோவில் என் கடைக்கு வந்தார். "ஒத்தச் செருப்பு விக்கறதில்லன்னு நாப்பது வருசமா எல்லாரையும் தொரத்துனேன். இப்ப நானே கேக்கணும்போல கீது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழாம் நம்பரைத் துடைத்துக் கொடுத்து நோட்டை நீட்டினேன். திரும்பும் தேதி என்ற கட்டத்தில் விரலை வைத்தார். "இத நீயே போட்டுக்க ஏழுமல. நான் கொண்டாந்து தரமாட்டேன், நீதான் வந்து எடுத்துக்கணும்."

ஒரு வெள்ளிக்கிழமை காலை தன் கடை வாசலில், அந்த வீல்சேரில், டீக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். டீ வந்தபோது உயிர் இல்லை. எதிரில் நான் ஒரு சக்கரத்தின் கோட்டத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. அவர் சொல்லி வந்த பதிலை அவரே பொய்யாக்கிவிட்டார். பதினேழாவது ஆள் உட்கார்ந்தபடி.

நாற்பது நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்தேன். வீல்சேர் வாசலிலேயே நின்றது. பாயம்மா உள்ளே இருந்தபடியே பேசினார்.

"நீங்க கேக்கமாட்டீங்கன்னு அவருக்குத் தெரியும்ண்ணே. தொடச்சி வாசல்ல வெச்சிடுன்னு முன்னாடியே சொல்லிட்டாரு."

கேட்காதவள்

அதன் பிறகு மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் கேட்டார்கள். "ஒருத்தர் செத்தாரு, உக்காந்தபடியே" என்றேன். மூன்று பேரும் போனார்கள். ஒருவேளை அது போகாமல் இருப்பதே எனக்கும் சௌகரியமாக இருந்ததோ என்னவோ. தினமும் காற்று மட்டும் பார்த்து வைப்பேன்.

போன வாரம் மலையிலிருந்து ஒரு பெண் முதல் பஸ்ஸில் வந்தாள். முதுகில் மரம் விழுந்து புருஷனுக்கு இரண்டு காலும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை கள்ளக்குறிச்சியில் ஊனமுற்றோர் சான்றிதழ் முகாம். போன முகாமுக்கு அவனைக் கொண்டுவர முடியாமல் விட்டுப்போனது, சான்று இல்லாமல் உதவித்தொகையும் இல்லை. மற்ற பத்தும் இரவலில் வெளியே இருந்தன. ஏழாம் நம்பரைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை, நேராக மடக்கத் தொடங்கினாள்.

கேட்காதவளை ஏமாற்றுவது இன்னும் மோசம் என்று பட்டது. "நில்லும்மா. இதுல ஒருத்தர் செத்திருக்காரு. என் கூட்டாளி" என்றேன். புதியவரிடம் நானாக இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவள் நிமிர்ந்தாள்.

"எங்களுக்கு இருக்கறது ஒரே ரூமு. எங்க மாமனாரு அதுலதான் செத்தாரு, ரெண்டு புள்ளய நான் அதுலதான் பெத்தேன். செத்த எடம்னு பாத்தா நாங்க எங்க போயி படுக்கறது? சக்கரம் நல்லா ஓடுமா, அதச் சொல்லுங்க."

ஓடும் என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இப்போது பதினொன்றும் வெளியே இருக்கின்றன, வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்வதுதான் வேலை, அதையும் நான்தான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.