மடக்கி வைத்த கை

நேற்று உங்களைக் கூட்டிக்கொண்டு தையற்கடைக்குப் போனபோது, "கையை நீட்டுங்கோ அண்ணை" என்றார் தையற்காரர். "இவ்வளவுதான் நீளும் தம்பி" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள் பிள்ளைகளே. இந்தக் கை எப்படி இப்படி ஆனது என்று சொல்கிறேன்.

எனக்கு ஒன்பது வயது. நாங்கள் குடியேறியிருந்த தர்மபுரத்தில் பாலைப்பழம் ஆய ஏறி, மரத்திலிருந்து விழுந்தேன். முழங்கை வீங்கிவிட்டது. ஆனையிறவின் உப்புக்காற்று முகத்தில் அடிக்க, அப்பாவின் மடியில் கையை வைத்தபடி பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாவும் வந்தார்.

ஸ்பிரிட் மணக்கும் அறையில் டொக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்தார். "மூட்டுக்குள்ள ஒரு சின்னத் துண்டு உடைஞ்சு, புரண்டு கிடக்கு. இப்பிடி நான் புத்தகத்திலதான் பாத்திருக்கிறன். வெட்டித் திறந்து பொருத்துவன். ஆனா மூட்டு இறுகிப்போகவும் கூடும். இறுகினா, கை நீட்டினபடி இருக்கோணுமோ, மடங்கினபடி இருக்கோணுமோ?"

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் களைத்திருந்த அப்பா சொன்னார்: "நீட்டியே வைங்கையா. மம்பட்டி புடிக்கணும்."

"மம்பட்டி புடிச்சி நீங்க என்னத்தக் கண்டீங்க?" என்றார் அம்மா. "அவன் கையால அவன் சாப்பிடட்டும்."

அப்பா டொக்டர் பக்கம் திரும்பினார். "மடக்கியே வைங்கையா."

கட்டுப் பிரித்த அன்று அம்மா சோறு போட்டுத் தந்தார். இறுகிப்போன என் கை, வாய்க்கு நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. அம்மா அழத் தொடங்கினார். அப்பா என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"குனிஞ்சு தின்னு சாமி" என்றார். "சோத்துக்குத்தானே குனியிற."